பாங்காக்கில் வாடகை வீடு: முதலில் சோய், அடுத்து சமையலறை

பாங்காக்கில் வீடு தேடத் தொடங்கும் எவரையும் முதலில் மயக்குவது நீச்சல் குளம்தான். முப்பதாவது மாடியில் நீலத் தண்ணீர், அதற்கு அப்பால் நகரத்து விளக்குகள். 2022இல் என் கணவருக்குச் சென்னையிலிருந்து மாற்றல் வந்தபோது எங்கள் வீட்டிலும் இந்தப் படங்கள்தான் கைக்குக் கை மாறின. பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு நான்கு. வருடத்தில் சில மாதங்கள் என் மாமியாரும் வந்து தங்குவார். இப்போது கேட்டால், குழந்தைகள் வாரத்துக்கு ஒரு நாள் குளத்தில் இறங்கினால் அதிகம் என்பேன். வாசலிலிருந்து பெரிய சாலைவரை நீளும் சோயையோ தினமும் நாலைந்து முறை கடக்கிறோம். சமையலறையில் நிற்கும் நேரத்தைச் சொல்லவே வேண்டாம். அதனால் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் யோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எது, வீட்டில் என்ன சமைப்பீர்கள்?

சோய் என்பது பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத் தெரு. வெளிநாட்டுக் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் சுகும்வித் சாலையில் வடக்குப் பக்கச் சோய்களுக்கு ஒற்றைப்படை எண்கள், தெற்குப் பக்கத்துக்கு இரட்டைப்படை. இரு பக்கமும் எண்கள் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. தோங் லோ என்று எல்லோரும் சொல்லும் சோய் 55க்கு எதிரே இருப்பது 38. எக்கமாய் எனப்படும் 63க்கு எதிரே 42. எண்ணை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அதைவிட முக்கியம், அந்தச் சோய் எங்கே போய் முடிகிறது என்பது. வடக்குப் பக்கத்துச் சோய்கள் சென் செப் கால்வாயை நோக்கிப் போகின்றன. சில கால்வாயைத் தாண்டிப் பெச்சபுரி சாலையில் சேரும். பல நடுவிலேயே முட்டி நின்றுவிடும். முட்டுச் சோயில் இரவு அமைதியாக இருக்கும். காலை ஏழு மணிக்கு அங்கிருந்து வெளியேற ஒரே வழி. அந்த வழியில் அத்தனை கார்களும் நிற்கும். வரைபடத்தில் வீட்டைக் குறித்துக்கொண்டதும், அங்கிருந்து வெளியே வர எத்தனை வழிகள் உண்டு என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வழியாவது இல்லாத சோயை நாங்கள் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

பள்ளி முடிவாகாமல் வீடு பார்ப்பது வீண் வேலை. இங்குள்ள பன்னாட்டுப் பள்ளிகள் நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நிஸ்ட் பள்ளி சோய் 15இல், நகரின் நடுவில் இருக்கிறது. பாங்காக் பட்டானா சோய் 105 பக்கம். ஷ்ரூஸ்பரியின் பழைய வளாகம் சரோன் குருங் சாலையில் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஐஎஸ்பி எனப்படும் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியோ நகர எல்லையைத் தாண்டி நொந்தபுரி மாகாணத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காலை நேரத்தில் போவதென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். எங்கள் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது நகரின் ஓரத்தில், பாங் நா பக்கத்தில் ஒரு பள்ளியில். கணவரின் அலுவலகம் நகரின் உள்ளே, சாத்தோனில். இரண்டும் எதிரெதிர்த் திசைகள்.

இங்கே ஒரு கணக்கு உதவியது. காலையில் வண்டிகள் எல்லாம் ஊருக்குள் வருகின்றன. பாங் நா நோக்கிப் போகும் பாதை ஒப்பீட்டளவில் லேசாக இருக்கும். பெரியவர் ரயிலில் போகலாம், குழந்தை வேனில்தான் போக வேண்டும். ஆகவே குழந்தைக்குச் சாலையும் பெரியவருக்கு ரயிலும் தோதாக அமையும் இடம் வேண்டும். பிடிஎஸ் எனப்படும் உயர்மட்ட ரயிலில் சுகும்வித் தடமும் சீலோம் தடமும் சயாம் நிலையத்தில் சந்திக்கின்றன. அங்கே மாறினால் சாத்தோன் பக்கம் இறங்கிவிடலாம். இப்படிப் பார்த்ததில் எக்கமாய், பிரக்கனோங், ஒன் நுட் என்ற மூன்று நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிதான் எங்களுக்குப் பொருந்தியது. அசோக், பிராம் போங் பக்கத்தைவிட வாடகையும் குறைவு. பள்ளி வேன் எங்கெங்கே நிற்கும், முதல் குழந்தையை எத்தனை மணிக்கு ஏற்றும் என்று பள்ளி அலுவலகத்தில் முன்பே கேட்டு வாங்கிக்கொண்டோம். ஒரே சோயில் இரண்டு கட்டடங்கள் பார்த்தோம். வேனின் சுற்றுப் பாதையால் ஒன்றுக்கு 6.15, மற்றொன்றுக்கு 6.50. நான்கு வயதுப் பையனை எழுப்பிக் குளிப்பாட்டியவர்களுக்கு அந்த 35 நிமிடத்தின் விலை தெரியும்.

விளம்பரங்களில் வரும் 'பிடிஎஸ்ஸிலிருந்து 500 மீட்டர்' என்பதை நம்பாதீர்கள். காக்கை பறக்கும் தூரம் அது. நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பிற்பகல் மூன்று மணி வெயிலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்தபடி நடந்து பாருங்கள். பல சோய்களில் நடைபாதையே கிடையாது. இருந்தாலும் பாதியில் மின்கம்பமோ உணவு வண்டியோ நிற்கும். உள்ளூர்க்காரர்கள் சோய் முனையில் ஆரஞ்சு மேலாடை அணிந்து காத்திருக்கும் மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறி இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள். தனியாக இருக்கும் இளைஞருக்கு அது அருமையான வசதி. மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் காய்கறிப் பையையும் அதில் ஏற்ற முடியாது. நடக்க முடியாத சோய் என்றால் ஒவ்வொரு சிறு வேலைக்கும் டாக்சி அழைக்க வேண்டிவரும். வாடகையில் மிச்சம் பிடித்தது அதில் கரைந்துவிடும்.

நாங்கள் வீடு தேடியது ஜூலை மாதத்தில். பள்ளி ஆண்டு ஆகஸ்ட்டில் தொடங்குவதால் அந்த நேரம் தானாக அமைந்தது. ஆனால் மழைக்காலத்தில் தேடுவதே நல்லது என்று இப்போது அழுத்தமாகச் சொல்வேன். கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. 2011இல் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது டோன் முவாங், ரங்சித் போன்ற வடபகுதிகளைத்தான் கடுமையாக மூழ்கடித்தது. சுகும்வித்தின் உட்பகுதி பெரும்பாலும் தப்பியது. குடியிருப்பவர்களை வருடந்தோறும் வாட்டுவது அந்த வெள்ளமல்ல, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த பிறகு சோயில் தேங்கும் முழங்கால் தண்ணீர். கார் நிறுத்துமிடத்தின் வாயிலில் திண்டு உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா, ஓரத்தில் மணல் மூட்டைகள் கிடக்கின்றனவா, எதிர் வீட்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா என்று பாருங்கள். தரகரிடம் கேட்டால் 'இங்கே தண்ணீர் நிற்காது' என்பார். வாயில் காவலரிடம் கேளுங்கள். தாய்லாந்து மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மழையை வானத்தில் காட்டி, பிறகு காலைக் காட்டினால் போதும். ஒருவர் சிரித்துக்கொண்டே முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கட்டடத்தை அத்தோடு விட்டோம்.

அடுத்தது, காண்டோவா அப்பார்ட்மென்ட்டா என்ற கேள்வி. காண்டோ கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர். அப்பார்ட்மென்ட் என்றால் கட்டடம் முழுவதும் ஒரே குடும்பத்துக்கோ நிறுவனத்துக்கோ சொந்தம். காண்டோவில் விற்பனைக்குரிய பரப்பில் 49 விழுக்காடுவரை வெளிநாட்டவர் வாங்கலாம் என்பதால், உங்கள் வீட்டு உரிமையாளர் ஹாங்காங்கிலோ லண்டனிலோ இருக்கக்கூடும். வீடு புதிதாக, பளபளப்பாக இருக்கும். குழாய் ஒழுகினால் அவருக்குச் செய்தி அனுப்பி, அவர் பதில் அனுப்பி, அதற்குப் பின் ஆள் வர வேண்டும். அப்பார்ட்மென்ட்டில் கீழேயே ஓர் அலுவலகம் இருக்கும். மாலையில் சொன்னால் காலையில் ஏணியோடு ஆள் வந்து நிற்பார். அந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் பழையவை. லிப்ட் முனகும், குளியலறை ஓடுகள் நிறம் மங்கியிருக்கும். ஆனால் இடம்! புதிய காண்டோவில் இரண்டு படுக்கையறை வீடு 65 சதுர மீட்டர் இருந்தால் பெரிது. அதே வாடகைக்குப் பழைய அப்பார்ட்மென்ட்டில் 150 சதுர மீட்டர், மூன்று படுக்கையறை, துணி உலர்த்தப் பின்கட்டுப் பால்கனி எல்லாம் கிடைத்தன. நாங்கள் பார்த்த காலத்தில் பிரக்கனோங் பக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய 40,000 பாட் கேட்டார்கள். தனியாட்களும் இளம் தம்பதியரும் காண்டோவுக்குப் போகட்டும். பாட்டியோடும் பிள்ளைகளோடும் வருகிற குடும்பத்துக்குப் பழைய அப்பார்ட்மென்ட்தான் என்பது என் கட்சி.

அந்தக் கட்சியில் என்னைச் சேர்த்தது சமையலறை. புதிய காண்டோக்களில் சமையலறை என்பது வரவேற்பறையின் ஒரு சுவர். இரண்டு வளையம் கொண்ட மின்னடுப்பு, கீழே கைப்பை அளவில் பாத்திரம் கழுவும் தொட்டி, மேலே புகையுறிஞ்சி. அந்தப் புகையுறிஞ்சியின் மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள். குழாய் வெளிச்சுவருக்குப் போகிறதா, இல்லை அங்கேயே முடிகிறதா? பல வீடுகளில் அது காற்றை ஒரு கரித்தட்டின் வழியாக இழுத்து மறுபடி வீட்டுக்குள்ளேயே விடும். வெந்நீர் போட்டு நூடுல்ஸ் செய்பவர்களுக்கு அது போதும். கடுகு வெடிக்க, மிளகாய் வற்றல் கருக, ஞாயிற்றுக்கிழமை மீன் வறுக்க அது எதற்கும் ஆகாது. சோபாவில் புளிக்குழம்பு மணக்கும், திரைச்சீலையில் பெருங்காயம் உட்காரும். வீட்டைக் காலி செய்யும் நாளில் அதற்குப் பெயர் 'சேதம்'.

கேஸ் சிலிண்டருக்குப் பல உயரக் கட்டடங்களில் அனுமதி கிடையாது. ஆகவே அடுப்பு எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். செராமிக் தட்டு கொண்ட சாதாரண மின்னடுப்பானால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் வேலை செய்யும். இண்டக்‌ஷன் அடுப்பானால் செய்யாது, கல்சட்டியும் அப்படியே. நாங்கள் எடுத்த வீட்டில் சமையலறை தனி அறை. கதவு உண்டு, ஜன்னல் உண்டு, ஜன்னலுக்கு அப்பால் பின்கட்டுப் பால்கனி. இங்குள்ள பழைய வீடுகளில் இப்படிக் கட்டியதற்குக் காரணம் உண்டு: தாய்லாந்துக்காரர்களும் மிளகாயையும் பூண்டையும் எண்ணெயில் போட்டு இருமுகிறவர்கள்தான். அவர்களுடைய வாணலிக்காகக் கட்டிய சமையலறை நம்முடைய தாளிப்பையும் தாங்கும். மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் வெட் கிரைண்டர் தயக்கமின்றி ஓடுகிறது. அதன் உருண்டை மூன்று முள் பிளக்தான் இங்குள்ள சுவரில் நுழையாது. கிரைண்டர், மிக்சி போன்றவற்றுக்கு ஆள் வைத்துப் பிளக்கையே மாற்றிவிடுவது அடாப்டரைவிடப் பாதுகாப்பானது. கழிவறையைப் பற்றி ஒரு நல்ல செய்தி: பழையதோ புதியதோ, எங்கே போனாலும் கைத்தெளிப்பான் குழாய் உண்டு. அந்த விஷயத்தில் இந்த நாட்டுக்கும் நமக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

சமையல் பேச்சோடு சேர்ந்த கசப்பான பேச்சு ஒன்றும் உண்டு. வீடு பிடித்துப்போய், வாடகையும் பேசி முடித்த பிறகு, தரகர் மெல்ல, சிரித்த முகத்தோடு கேட்டார்: "வீட்டில் நிறையச் சமைப்பீர்களா?" ஆம் என்றோம். மறுநாள் 'உரிமையாளர் மனம் மாறிவிட்டார்' என்று செய்தி. இன்னோர் இடத்தில் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதை வாதாடி வெல்ல முடியாது. வென்றாலும், ஒவ்வொரு தாளிப்புக்கும் பயந்துகொண்டு அந்த வீட்டில் இருக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு நான் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே தரகரிடம், நாங்கள் இந்தியக் குடும்பம், மூன்று வேளையும் வீட்டில்தான் சமைப்போம், காலி செய்யும்போது சமையலறையையும் திரைச்சீலைகளையும் எங்கள் செலவில் சுத்தம் செய்து தருவோம் என்று எழுதி அனுப்பிவிடுவேன். ஒதுங்குகிறவர்கள் முதலிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள். மிஞ்சியவர்களிடம் பேசுவது எளிதாக இருந்தது. எங்கள் இப்போதைய உரிமையாளரம்மா அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, மீன் குழம்புக்குப் புளி போடுவோமா என்பதுதான்.

பழைய அப்பார்ட்மென்ட்டின் பெரிய குறை மின்கட்டணம். காண்டோவில் பெருநகர மின்வாரியமான எம்இஏவின் ரசீது நேரடியாக உங்கள் வீட்டுக்கு வரும். யூனிட்டுக்குச் சுமார் நாலரை பாட் ஆகும். அப்பார்ட்மென்ட்டில் கட்டடத்துக்கு மொத்தமாக வரும் ரசீதை உரிமையாளர் கட்டிவிட்டு, உங்களிடம் 7, 8 பாட் என்று வாங்குவதும் உண்டு. ஐந்தும் அதற்கு மேலும் வீடுகளை வாடகைக்கு விடுகிறவர்களைக் கட்டுப்படுத்த 2018இல் ஒரு விதி வந்தது. பிறகு அதைத் திருத்தினார்கள். நடைமுறையில் கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபடுகிறது. மூன்று ஏசி ஓடும் குடும்பத்துக்கு வெயில் மாதத்தில் 1,000 யூனிட் எளிதாக ஆகும். யூனிட்டுக்கு இரண்டரை பாட் அதிகம் என்றால் மாதம் 2,500 பாட் கூடுதல். வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். நாங்கள் யூனிட் விலையைப் பேசிக் குறைக்க முயன்றோம், நடக்கவில்லை. அதற்குப் பதில் வாடகையில் 2,000 குறைத்தார்கள். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அவர்களுக்கு அது கௌரவமாக இருந்தது.

ஏசி எவ்வளவு ஓடும் என்பதைத் தீர்மானிப்பது திசை. மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவர் மாலை முழுக்க வெயில் குடித்துவிட்டு, நள்ளிரவுவரை அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வாஸ்து பார்க்கிறவர்கள் அவர்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் பார்த்தது மாலை நான்கு மணிக்குச் சுவரில் கை வைத்து. ஜன்னல்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்றும் பாருங்கள். சில புதிய கட்டடங்களில் முக்கால்வாசிக் கண்ணாடி அசையாது. கொசுவலை இருக்கிறதா என்பதும் முக்கியம். கீழ் மாடிகளில், கால்வாய்க்குப் பக்கத்தில், டெங்கு என்பது வெறும் வதந்தியல்ல. பக்கத்தில் காலிமனையோ இடிபடும் வீடோ இருந்தால் அங்கே அடுத்த வருடம் ஒரு காண்டோ எழும்பும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். பகல் முழுக்க இரும்பு இறங்கும் சத்தத்தில் குழந்தையைத் தூங்க வைத்த தோழி ஒருத்தி சொன்னது இது.

எந்த மாடி என்பதைப் பற்றி 2025 மார்ச் 28க்கு முன் யாரும் அதிகம் கவலைப்படவில்லை. மேலே போகப் போக வாடகை கூடும், காட்சி நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அன்று பிற்பகல் மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும் பாங்காக்கின் மென்மையான களிமண் தரை அதை வாங்கி உயரக் கட்டடங்களை நீண்ட நேரம் ஆட்டியது. சதுசக் பகுதியில் கட்டுமானத்தில் இருந்த அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டடம் இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். மொட்டைமாடி நீச்சல் குளங்களிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டிய காட்சிகளை உலகமே பார்த்தது. நாங்கள் ஐந்தாவது மாடியில் இருந்தோம். மாமியாரைக் கைப்பிடித்து இறக்கிவிட்டு நிற்கையில், முப்பதுகளின் மாடிகளிலிருந்து படியிறங்கி வந்தவர்கள் கால் நடுங்கித் தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். முதியவர் இருக்கும் வீட்டுக்கு, அவர் நடந்து இறங்கக்கூடிய மாடிதான் சரியான மாடி. இப்போது வீடு பார்க்கிறவர்கள், அதிர்ச்சிக்குப் பிறகு பொறியாளரை வைத்துக் கட்டடத்தைச் சோதித்தார்களா, அறிக்கை இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. காட்டத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

பால்கனிக் கைப்பிடியின் உயரத்தைச் சின்னவனை நிறுத்திவைத்துப் பார்த்தோம். குறுக்குக் கம்பிகள் இருந்தால் குழந்தைக்கு அது படிக்கட்டு. வலை கட்ட அனுமதி தருவார்களா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சில கட்டடங்களில் வெளித்தோற்றம் கெடும் என்று மறுப்பார்கள். துணியை வெளியே தெரியும்படி உலர்த்தவும் பல இடங்களில் தடை. பழைய வீட்டின் இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை நகரத்தில் புகைமூட்டம் படரும். 2025 ஜனவரியில் பாங்காக்கில் நூற்றுக்கணக்கான பள்ளிகளை இதற்காக மூடினார்கள். பழைய அலுமினிய ஜன்னல்களின் இடுக்கு வழியாக அந்தத் தூசி உள்ளே வரும். இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டி, படுக்கையறைகளுக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினோம். புதிய காண்டோக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் எங்களைவிட நிம்மதியாக இருக்கிறார்கள்.

கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்று சிலர் சீலோம் பகுதியில் தேடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் பான் சாலை முனையில் இருக்கிறது. கும்பிட வருகிறவர்களில் தாய்லாந்துக்காரர்களே அதிகம். விஜயதசமி ஊர்வலத்தன்று அந்த வட்டாரத்தில் கார் நகராது. நவராத்திரிக்குப் போய்வர ரயில் போதும், அதற்காக அங்கே குடியிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சீலோமில் ரத்தினக் கல் வணிகம் செய்யும் குடும்பங்களுக்கு அங்கேயே இருப்பது வசதி. மளிகைக்கு இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுரத். சாம் யோட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் உளுந்து, புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். முருங்கைக்காயும் வாழைப்பூவும் தேங்காய்ப்பாலும் எந்தத் தாய்லாந்துச் சந்தையிலும் உண்டு. வீட்டுக்கு அருகில் ஒரு காலைச் சந்தை இருந்தால் இந்தியக் கடைக்கு மாதம் ஒரு முறை போனால் போதும்.

சாம்பிராணி போடும் பழக்கம் உள்ளவர்கள் கூரையில் புகை உணரி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பூஜை இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். எங்கள் வாசலில் கோலம் போட யாரும் தடை சொல்லவில்லை. கட்டடத்தின் முன் இருக்கும் காவல் தெய்வக் குடிலில் காவலர் தினமும் பூவும் சிவப்பு ஃபான்டாவும் வைப்பார். மாமியார் இங்கே இருக்கும் காலத்தில் காலை நடை முடித்து அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மேலே வருவார். காவலருக்கு அவர் மேல் உள்ள மரியாதை, எங்கள் சாமான்கள் மேலே வரும் வேகத்தில் தெரியும்.

தரகரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையைத் தரகுக் கூலியாக உரிமையாளர்தான் கொடுக்கிறார். குடியிருப்பவர் எதுவும் தருவதில்லை. சென்னையில் தரகுக்கும் பத்து மாத முன்பணத்துக்கும் பழகியவர்களுக்கு இது இனிப்பாக இருக்கும். ஆனால் கூலி கொடுப்பவர் பக்கம்தான் தரகரின் மனம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பேரம் பேசுவதைக் கையெழுத்துக்கு முன் முடித்துவிட வேண்டும். வாடகை குறையாவிட்டாலும் புதிய மெத்தை, தண்ணீர் சுத்திகரிப்பான், கூடுதல் அலமாரி என்று கேட்டால் தருவார்கள். இனிமையாகக் கேட்க வேண்டும். குரலை உயர்த்தினால் இந்த ஊரில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

முன்பணம் வழக்கமாக இரண்டு மாத வாடகை. அதோடு முதல் மாத வாடகை. ஒப்பந்தத்தில் தேதியைப் பௌத்த ஆண்டில் எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம்: 2565 என்றால் நமக்கு 2022. தாய்லாந்து மொழிப் பிரதிக்கும் ஆங்கிலப் பிரதிக்கும் முரண்பட்டால் எது செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மாற்றலில் வருகிறவர்களுக்கு மிக அவசியமானது, வேலை காரணமாக நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் இரண்டு மாத முன்னறிவிப்போடு முன்பணத்தை இழக்காமல் விலகலாம் என்ற பிரிவு. கேட்டால்தான் சேர்ப்பார்கள். நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் போடுவதானால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிறுவனம் வாடகையில் 5 விழுக்காடு வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதால் சில தனி உரிமையாளர்கள் பின்வாங்குவார்கள், அல்லது வாடகையை ஏற்றுவார்கள்.

டிஎம் 30 என்ற படிவத்தின் பெயரை வருகிற முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வீர்கள். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் பொறுப்பானவர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கடமை அவருடையது, அவதி நம்முடையது. விசாவை நீட்டிக்கப் போகும்போது அந்த ரசீதைக் கேட்பார்கள். மாமியார் சுற்றுலா விசாவில் வந்து தங்கினாலும் இது பொருந்தும். உரிமையாளர் இதை இணையத்தில் பதிவு செய்து பழக்கப்பட்டவரா என்று வீடு பார்க்கும்போதே கேளுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை' என்கிறவரிடம், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், முன்பணத்தை நீட்ட வேண்டாம்.

சாவி கைக்கு வந்த அன்றே, சாமான் இறங்குவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் கீறலையும் மெத்தைக் கறையையும் படம் எடுத்து உரிமையாளருக்கும் தரகருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினோம். எங்களுக்கு முன் வந்த ஒரு குடும்பத்தின் முன்பணத்தில் பெரும்பகுதி, அவர்கள் வருவதற்கு முன்பே இருந்த மேசைக் கறைக்குப் போயிருந்தது. காட்டுவதற்கு அவர்களிடம் படம் இல்லை. ஏசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்த ரசீதுகளையும் சேர்த்து வைக்க வேண்டும். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். எங்களுடையதில் 30 நாள் என்று எழுத வைத்தோம்.

2025இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது உரிமையாளரம்மா மாதம் 3,000 பாட் ஏற்றம் கேட்டார். நாங்கள் பக்கத்துக் கட்டடங்களில் காலியாக இருந்த வீடுகளின் வாடகையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தேநீர் கொடுத்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். ஏற்றம் 1,000 ஆனது. பெரியவளின் அறைக்குப் புதிய ஏசியும், ஜன்னல்களுக்குப் புதிய கொசுவலையும் அவர் செலவு. அடுத்த வாரம் ஏணியோடு ஆள் வந்தார்.